வைத்த எண் ஒன்று, ஓடும் வேகம் வேறு: கிராபிக்ஸ் கார்டு கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. பெட்டியில் பூஸ்ட் க்ளாக் (கார்டு ஏறக்கூடிய வேகம்) 1777 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டு வேகத்தை மாற்றும் மென்பொருளில் கோர் க்ளாக்கை (சிப்பின் வேகத்தை) +120 வைத்தேன். 1897 வர வேண்டும் அல்லவா? கேம் திறந்ததும் 2040 காட்டுகிறது. கால் மணி நேரத்தில் 1980. பெரிய சண்டைக் காட்சி வந்தால் 1890. கம்ப்யூட்டர் இருப்பது வளவை (வீட்டு நடுமுற்றத்தை) ஒட்டிய, சன்னல் இல்லாத உள் அறையில். கார்டில் கோளாறா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கோளாறு இல்லை, கார்டு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 1777 என்பது உச்ச வரம்பு என்று நினைத்ததில்தான் கணக்கு தப்பியது. வழக்கமான கேம் சுமையில் இந்த அளவாவது வரும் என்று கம்பெனி சொல்லும் எண் அது. சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் கார்டு தானாகவே அதைத் தாண்டிப் போகும். 2012இல் ஜிடிஎக்ஸ் 680 வந்ததிலிருந்து என்விடியா கார்டுகள் இப்படித்தான் ஓடுகின்றன.

கார்டுக்குள் ஓர் அட்டவணை உண்டு: இந்த வோல்டேஜுக்கு இந்த வேகம் என்று. நீங்கள் வைத்த +120 அந்த அட்டவணை முழுவதையும் 120 மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். அதில் எந்த வரியில் நிற்பது என்பதைக் கார்டுதான் நொடிக்குப் பல தடவை முடிவு செய்கிறது. வேகம் மாறுவது 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில். 120 சரியாக எட்டுப் படி. +100 வைத்திருந்தால் 90 அல்லது 105இல்தான் நின்றிருக்கும்.

சூடு ஏற ஏற, 83 டிகிரி வரம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே, கார்டு ஒவ்வொரு படியாக இறங்கும். 2040 போய் 1980 வந்தது அப்படித்தான். சண்டைக் காட்சியில் நடப்பது வேறு. அங்கே சுமை கூடி, கார்டு 170 வாட் வரம்பை முட்டுகிறது. உடனே வோல்டேஜைக் குறைக்கிறது, வேகமும் கூடவே விழுகிறது. வேகத்தை ஏற்றினால் அதே வோல்டேஜிலும் மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அதனால் வரம்பு முன்னதாகவே வந்துவிடும். +120 வைத்தும் சராசரி 60, 70 மட்டுமே கூடினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எது தடுக்கிறது என்று தெரிந்துகொள்ள ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, சென்சார் பக்கத்தில் 'பெர்ஃப்கேப் ரீசன்' வரியைப் பாருங்கள். பவர், சூடு, வோல்டேஜ் என்று காரணம் சுருக்கமாக அங்கே வரும். பவர் என்றிருந்தால் கோர் ஸ்லைடரை மேலும் தள்ளிப் பயனில்லை. சூடு என்றால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள். சும்மா இருப்பதாகக் காட்டினால் விசிங்க் (திரையின் வேகத்துக்கு மேல் கேம் ஓடாமல் பிடிக்கும் வசதி) போட்டு நொடிக்கு 60 ஃபிரேமில் கட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தேவை இல்லாதபோது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

உங்கள் அறை விஷயமும் முக்கியம். ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், அறையில் ஏறும் பத்து டிகிரி ஏறக்குறைய அப்படியே கார்டிலும் ஏறும். மார்கழியில் வைத்த செட்டிங்கைச் சித்திரையில் மறுபடி சோதியுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை: கார்டு மிக வேகமாக ஓடுவது குளிர்ந்திருக்கும் முதல் இரண்டு நிமிடத்தில். ஒரு மணி நேரம் சூடாக ஓட்டிச் சோதித்துவிட்டு 'நிலையாக இருக்கிறது' என்று விட்டால், மறுநாள் காலை கேம் திறந்ததுமே கிராஷ் ஆகும். குளிர்ந்த நிலையிலிருந்தும் ஒருமுறை தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: அதே 3060தான். மெமரி வேகம் ஜிபியு-இசட்டில் 1875, ஆஃப்டர்பர்னரில் 7500, விளம்பரத்தில் 15. எது உண்மை?
– வாசகர், தேவகோட்டை

பதில்: மூன்றும். 1875 அடிப்படை க்ளாக். அதை நாலால் பெருக்கினால் 7500, எட்டால் பெருக்கினால் 15,000, அதாவது நொடிக்கு 15 கிகாபிட். ஆஃப்டர்பர்னரில் +500 வைத்தால் ஜிபியு-இசட்டில் 125தான் கூடி 2000 ஆகும். ஏமாற்றம் வேண்டாம், மெமரி தகவலைக் கடத்தும் அளவு நொடிக்கு 360 கிகாபைட்டிலிருந்து 384க்குப் போகிறது. 100, 100 ஆக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பெஞ்ச்மார்க் (வேகம் அளக்கும் சோதனை) ஸ்கோரைக் குறித்து வையுங்கள். ஸ்கோர் கூடாமல் நின்றாலோ, திரையில் புள்ளியோ கோடோ மின்னினாலோ 200 இறக்கிவிடுங்கள்.

கேள்வி: பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) முழுசாக ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். ஃபேன் அலறுகிறது, 83 டிகிரியில் வேகம் முன்பைவிடக் குறைகிறது. அரிசி மில் பக்கத்தில் வீடு. (கார்டு 3060.)
– வாசகர், புதுவயல்

பதில்: பவர் லிமிட்டை 100 சதவீதத்துக்கே கொண்டுவாருங்கள். முதலில் தூசி. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டின் ஃபேன் சுற்றாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். உமித் தூசி ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடையாக ஒட்டும். மேலாகத் துடைத்தால் போகாது. கேஸின் முன்பக்க வலையையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் வோல்டேஜைக் குறைத்துப் பாருங்கள். வெயில் ஊருக்கு ஓவர்க்ளாக்கைவிட (வேகத்தை ஏற்றுவதைவிட) இதுதான் நல்லது. ஆஃப்டர்பர்னரில் கோர் க்ளாக்கை -250 வைத்து அப்ளை கொடுங்கள். கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்று காட்டும் வளைகோடு திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1875க்கு ஏற்றி, மறுபடி அப்ளை. வலப்பக்கப் புள்ளிகள் எல்லாம் அதே உயரத்தில் சமமாகிவிடும். கேம் கிராஷ் ஆனால் புள்ளியை 1845க்கு இறக்குங்கள், அல்லது 925 மில்லிவோல்ட்டுக்கு மாறுங்கள். கார்டுக்குக் கார்டு இது வேறுபடும்.

சூடானபின் 1875க்குப் பதில் 1860 காட்டும். அது அந்த 15 மெகாஹெர்ட்ஸ் படிதான், திருத்த வேண்டியதில்லை. 'விண்டோஸ் தொடங்கும்போதே போடு' என்ற வசதியை மட்டும் ஒரு வாரம் பிரச்சினையில்லாமல் ஓடிய பிறகு இயக்குங்கள். முன்பே இயக்கிவிட்டால், தவறான செட்டிங்கோடு ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் திறந்ததுமே திரை தொங்கும். சேஃப் மோடில் (அடிப்படை வசதிகளோடு மட்டும் விண்டோஸைத் திறக்கும் முறையில்) போய்த்தான் எடுக்க வேண்டிவரும்.