முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மா மெலிந்துகொண்டே போகிறார். வயதானால் இப்படித்தானா, நாங்கள் என்ன செய்யலாம்?

வயசாச்சு என்று யார் சொன்னாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை தானாகக் குறைந்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 5 சதவீதம் என்பது இரண்டரைக் கிலோதான். புடவைக்குள் தெரியவே தெரியாது. மாதாமாதம் ஒரே மெஷினில் எடை பார்த்து எழுதச் சொல்லுங்கள், அந்த நோட்டைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் தட்டு. பல் இல்லை என்றதும் கஞ்சி, ரசம் சாதம் என்று இறங்கிவிடுகிறார்கள். வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டுவதில்லை. முதியவருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது தினமும் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே அதே கஞ்சியில் பாசிப்பருப்பும் பால் பவுடரும் சேரட்டும். குழைந்த பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டாலே 45 கலோரி கூடுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் வைத்த பழைய பத்தியத்தைத் தளர்த்தலாமா என்றும் கேளுங்கள். எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் கெடுதல்தான்.

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின், மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் போன்ற மருந்துகள் பசியைக் குறைக்கலாம். மலச்சிக்கல், மனச்சோர்வு, எடை குறைந்ததால் தளர்ந்துபோன பல்செட் எல்லாம் பார்க்க வேண்டியவை.

எனக்கு மிகவும் வலிப்பது ஊட்டிவிட ஆள் இல்லாததுதான். மறதி நோய் உள்ளவர் ஒருவேளை சாப்பாட்டை முடிக்க அரைமணி நேரம்கூட ஆகும். ஒருவரே பத்துப் பேரைக் கவனித்தால் தட்டு பாதியோடு திரும்பும், நோட்டில் மட்டும் 'சாப்பிட்டார்' என்று இருக்கும். அதனால் நீங்கள் பார்க்கப் போகும் நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கொடுங்கள். இரவுச் சாப்பாடு ஆறரைக்கே முடிந்துவிடுகிறதா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் கேட்டு வாங்குங்கள்.

நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சாப்பிடும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்திவிட்டு, விழுங்குவதில் கோளாறு இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.