டர்போவைச் சுற்றி ஆயில் ஈரமா? கழற்றும் முன் பாருங்கள்

கேள்வி: ராமேஸ்வரத்தில் டீசல் கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டி 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டர்போவைச் சுற்றி ஆயில் ஈரமாக இருக்கிறது. காலையில் தரையில் இரண்டு மூன்று சொட்டு கிடக்கிறது. புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. மெக்கானிக் டர்போ போய்விட்டது என்கிறார். தெரிந்தவர் ஒருவர், பழைய டர்போவைக் கொடுத்தால் மதுரையில் ரீகண்டிஷன் செய்த டர்போவை 18,000 ரூபாய்க்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாற்றிவிடலாமா? – தங்கச்சிமடம் வாசகர்.

பதில்: மாற்றாதீர்கள். பழைய டர்போவை யார் கையிலும் கொடுக்கவும் வேண்டாம். நீல நிறப் புகை இல்லை, இழுவை குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ. இந்த இரண்டும் சரியாக இருக்கும்போது டர்போவே கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. டர்போ மேல் ஆயில் இருக்கிறது என்பதுதான் இதுவரை தெரிந்தது. அது டர்போவிலிருந்து வந்ததா என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

ஓட்டு வீட்டில் ஒழுகும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறு. எஞ்சினிலும் அப்படித்தான். டேப்பட் கவர் பேக்கிங், வேக்குவம் பம்ப், ஆயில் ஃபில்டர் இருக்கும் பகுதி என்று மேலே எங்கே கசிந்தாலும் வழிந்து வந்து டர்போ மேல் படியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளிப் பரப்பிவிடும். அதனால் முதலில் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, துணியால் டர்போவையும் அதற்கு மேலே உள்ள பகுதியையும் சுத்தமாகத் துடையுங்கள். சூடான டர்போ பக்கம் ஸ்ப்ரேயோ மண்ணெண்ணெயோ கொண்டு போனால் தீப்பிடிக்கும். வாட்டர் சர்வீஸ் வேண்டாம். வயர் கனெக்டர்களில் தண்ணீர் இறங்கி வேறு தொல்லை வரும். நன்றாகக் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைச் சந்தேகமான இணைப்புகளில் லேசாகத் தூவுங்கள். 10 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வரை போய்வந்து மறுபடி பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அங்கேதான் கசிவு.

டர்போவுக்கு மேலே ஒன்றும் நனையவில்லை என்றால் ஆயில் வரும் குழாயைப் பாருங்கள். மெல்லிய இரும்புக் குழாய், நுனியில் துளையிட்ட பேஞ்சோ போல்ட், அதன் இரண்டு பக்கமும் செப்பு வாஷர். ஒருமுறை நசுங்கிய செப்பு வாஷரை மறுபடி போட்டால் கசியும். கழற்றும்போதெல்லாம் புதிது போட வேண்டும், விலையும் சொற்பம்தான். கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் முறுக்கினால், உள்ளே பொள்ளலாக இருப்பதால் முறிந்துவிடும். தனுஷ்கோடி, மண்டபம், தொண்டி என்று உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் இந்தக் குழாய் கிளிப்புக்கு அடியில் துருப்பிடித்து ஊசித்துளை விழும். கிளிப்பைக் கழற்றினால்தான் அது தெரியும்.

அடுத்தது, ஆயில் திரும்பிப் போகும் குழாய். டர்போவின் அடியிலிருந்து சம்புக்கு (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கும் தடித்த குழாய் இது. ஆயிலை உள்ளே அனுப்பப் பம்ப் இருக்கிறது; திரும்பிப் போவதற்கு ஒன்றும் கிடையாது, தன் எடையால்தான் இறங்கும். வழி பாதி அடைத்தாலும் ஆயில் டர்போவின் நடுப்பகுதியில் தேங்கி இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். உள்ளே ரப்பர் சீல் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய உலோக வளையம். அது ஆயிலை இறுக்கி மூடி வைப்பதில்லை. டர்போ வேகமாகச் சுழலும்போது வளையத்துக்கு வெளிப்பக்கம் உண்டாகும் காற்றழுத்தம்தான் ஆயிலை உள்ளே நிறுத்துகிறது.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. திரும்பும் குழாயின் பேக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கான் பேஸ்ட் தடவ யாரையும் விடாதீர்கள். வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுவார்கள். உள்ளே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியாது, வழியை அடைத்துவிடும். சின்னக் கசிவோடு வந்த வண்டி, பேஸ்ட் வைத்த பிறகு பெருங்கசிவோடு திரும்பி வரும். அப்போது "நான்தான் சொன்னேனே, டர்போ போச்சு" என்பார்கள். 20 ரூபாய் மிச்சம் பிடிக்க நல்ல டர்போவைப் பலி கொடுக்கிறார்கள்.

ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள். அரிச்சல்முனை வரை சவாரி போகும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன கி.மீ. கணக்கு உதவாது, மணல் சீக்கிரமே அடைத்துவிடும். காற்று கிடைக்காத டர்போ தன் ஆயிலையே உறிஞ்சும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவும் காரணமாகலாம். அதிகப்படியை இறக்கிவிடுங்கள்.

காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டு ஆயிலைத் தடவிக் காட்டிப் பயமுறுத்துவது வழக்கமாகிவிட்டது. எஞ்சினின் பிரீத்தர் ஹோஸ் ஆயில் ஆவியை அந்தக் குழாயில்தான் கொண்டுவந்து விடுகிறது. மெல்லிய படலம் இருப்பது இயல்பு. குட்டையாகத் தேங்கியிருந்தால்தான் கவலை.

அதிலும் ஒரு விலக்கு உண்டு. உங்கள் ஊர் டாக்ஸிகளுக்கு அது முக்கியம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். பயணிகள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வரும்வரை ஏ.சி. போட்டு வண்டியை மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்துகிறீர்கள். ஐடிலில் டர்போ மெதுவாகத்தான் சுற்றும். ஆயிலை உள்ளே நிறுத்தும் காற்றழுத்தம் அப்போது இருக்காது. நல்ல டர்போவிலிருந்தே கொஞ்சம் ஆயில் காற்றுக் குழாய்க்குள் இறங்கித் தேங்கும். கிளம்பியதும் ஒரு தடவை நீலப்புகை விட்டு நின்றுவிடும். இது பழுதில்லை. குழாயைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் நிற்கும்போது எஞ்சினை அணைத்து வையுங்கள். மறுபடி தேங்கவில்லை என்றால் டர்போவுக்கு ஒன்றுமில்லை. ஐடிலே இல்லாமல் மதுரைக்கு நேராகப் போய்வந்த வண்டியில் தேங்கினால் இந்த விலக்கு பொருந்தாது.

டர்போ உண்மையில் கெட்டதா என்று பார்க்க, ஆறிய எஞ்சினில் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போ சக்கரத்தின் நடு நட்டை விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தால் டர்போ போய்விட்டது. டர்போவைக் கழற்றும் நிலை வந்தால், எஞ்சினிலிருந்து புகை நுழையும் வாயையும் பாருங்கள். அங்கே ஆயில் இருந்தால் அது எஞ்சினிலிருந்து வருவது. புது டர்போ போட்டாலும் நிற்காது.

காற்றுக் குழாயில் ஆயில் தேங்கித் தேங்கி நீலப்புகையும் தொடர்ந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துத் தானாக வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அணைக்க வேண்டும்.

இனி அந்த 18,000 ரூபாய். இடையில் நிற்பவருக்கு உங்கள் பழைய டர்போதான் லாபம். அதன் உறை நன்றாக இருந்தால் மலிவான கோர் (உறைக்குள் சுழலும் நடுப்பாகம்) ஒன்றை உள்ளே வைத்து அடுத்தவருக்கு விற்கலாம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் இது, மிஷினில் பேலன்ஸ் பார்க்காமல் பூட்டினால் தாங்காது. வாங்கத்தான் வேண்டும் என்றால் கடைக்கு நேரில் போங்கள். பேலன்ஸ் ரிப்போர்ட், கோர் எந்தக் கம்பெனி என்ற விவரம், ஜி.எஸ்.டி. பில் மூன்றையும் கேளுங்கள். பெரிய சர்வீஸ் சென்டர்களும் இதில் சளைத்தவை அல்ல. துடைத்துப் பார்க்காமலேயே ஜாப் கார்டில் "டர்போ லீக்" என்று எழுதி முழு அசெம்பிளிக்கு மதிப்பீடு போடுகிறார்கள். ஐம்பது ரூபாய் வாஷர் தனியாகக் கிடைக்காது, செட்டாகத்தான் வரும் என்கிறார்கள். கசியும் இடத்தைப் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியில் மாற்றத்தான் நேர்ந்தால், ஆயில் வரும் குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே கரி பிடித்த பழைய குழாய் புது டர்போவைப் பட்டினி போட்டே கொல்லும். ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பூட்டும்போது டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் 2 நிமிடம் ஐடிலில் விட்டு, இணைப்புகளில் ஈரம் வருகிறதா என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.