இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் போக ஆசை. செலவை எங்கெல்லாம் குறைக்கலாம்?

டிக்கெட்டில் தள்ளுபடி தேடும் முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்துவிடுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்குக் காசு வீணாவது அங்கேதான்.

4 வயது நிறையாத குழந்தைக்கு நுழைவு இலவசம். 4 முதல் 12 வரை சிறுவர் டிக்கெட், 13 ஆகிவிட்டால் பெரியவர் டிக்கெட். ஆனால் ரைடில் ஏற்றும்போது வயதைக் கேட்க மாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். கேனப்பி ஃப்ளையருக்கும் என்சான்டட் ஏர்வேஸுக்கும் 92 செ.மீ., டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் ரேப்பிட்ஸுக்கு 107, மம்மி ரைடுக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. ஒரு செ.மீ. குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை. நாலரை வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் டிக்கெட் முழுசாகக் கட்டிவிட்டு, பெரிய ரைடுகளின் வாசலில் அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது யாருக்கும் சந்தோஷமில்லை. 125 செ.மீ. என்பது ஏறக்குறைய ஏழரை, எட்டு வயது. ஆக, மூத்த பிள்ளைக்கு எட்டு ஆன பிறகும் 13 ஆவதற்கு முன்பும் போனால் சிறுவர் விலையில் எல்லா ரைடும் கிடைக்கும். இரண்டுமே சின்னப் பிள்ளைகள் என்றால் இரண்டு வருஷம் பொறுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது தேதி. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நடுவாண்டு விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முழுக்க நீண்ட விடுமுறை. நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே என்பதால் நமக்கு நல்ல இடைவெளி கிடைக்கிறது. மே முதல் வாரத்தில் சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை, அந்தக் கூட்டம் போகட்டும். அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரங்களில், பொது விடுமுறை தவிர்த்து, செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடியுங்கள். விமான டிக்கெட் போடும் முன் பூங்காவின் நாட்காட்டியைப் பார்ப்பது அவசியம். செப்டம்பர், அக்டோபரில் ஹாலோவீன் நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

நாள் சரியாக அமைந்தால், நீண்ட வரிசையைத் தவிர்க்கக் கூடுதல் காசுக்கு விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவைப்படாது. பெரியவர் டிக்கெட்டே 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். நெரிசல் நாளில் எக்ஸ்பிரஸ் விலை அதையும் தாண்டிவிடும், நாலு பேருக்கு வாங்கினால் பட்ஜெட் இரட்டிப்பாகும். அதற்குப் பதிலாக, திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் நில்லுங்கள். பெரும்பாலும் 10 மணிக்குத் திறப்பார்கள். உள்ளே போனதும் படம் எடுக்க நிற்காமல் நேராகப் பேட்டில்ஸ்டாருக்கும், அதன் பிறகு கேனப்பி ஃப்ளையர், ரேப்பிட்ஸ் பக்கமும் போங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சர்வ சாதாரணம். மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளி ரைடுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள், மழைக்காகப் பணம் திருப்பித் தர மாட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, ஷ்ரெக் காட்சி, செசமி ஸ்ட்ரீட் ரைடு எல்லாம் கூரைக்குள் இருப்பவை. அவற்றை மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் மழை வந்தாலும் நஷ்டமில்லை.

வளர்ந்த பிள்ளைகள் தனித்தனியாக உட்காரத் தயார் என்றால், 'சிங்கிள் ரைடர்' வரிசை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள், காத்திருப்பு வெகுவாகக் குறையும். சின்னவன் ஏற முடியாத ரைடில் 'சைல்டு ஸ்வாப்' கேளுங்கள். அப்பா போய் வரும்வரை அம்மா குழந்தையோடு இருந்துவிட்டு, மறுபடி வரிசையில் நிற்காமல் அம்மாவும் போய் வரலாம். இரண்டுக்கும் தனிக் கட்டணம் கிடையாது. கேட்டால்தான் சொல்வார்கள்.

பையில் ஆளுக்கொரு மழைக்கோட்டு, ஒரு மாற்றுடை, சின்னத் துண்டு, காலி தண்ணீர் பாட்டில். ரேப்பிட்ஸில் தொப்பலாக நனைவீர்கள், பக்கத்திலேயே மழைக்கோட்டு விற்கும், உலர்த்தும் பெட்டிக்கும் காசு. கோஸ்டர்களின் லாக்கர் குறிப்பிட்ட நேரம் வரைதான் இலவசம், பிறகு மீட்டர் ஓடும். வரிசை நீளமாக இருந்தால் பையை ஒருவர் வைத்துக்கொண்டு வெளியே இருப்பது மேல். கழிப்பறைகளின் அருகே குடிநீர்க் குழாய் இருக்கிறது. வெளிச் சாப்பாடு அனுமதியில்லை, குழந்தை உணவு மட்டும் விதிவிலக்கு. அதனால் காலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழி. உள்ளே ஒரு வேளை, மாலை மறுபடி தேக்கா. எகிப்துப் பகுதியில் இருக்கும் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்தியச் சாப்பாடு உண்டு.

தங்குவதும் தேக்கா பக்கமே நல்லது. பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குள் தங்கினால்தான் வசதி என்று நினைக்க வேண்டாம். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊதா நிற வடகிழக்குப் பாதை நேராக ஹார்பர்ஃபிரன்ட் போகிறது, ரயில் மாறத் தேவையில்லை, கட்டணம் 2 வெள்ளிக்குள். அங்கே விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் ஆளுக்கு 4 வெள்ளி. அதே கட்டடத்தின் வெளியே கடலோரமாகச் செல்லும் நடைபாலத்தில் கால் மணி நேரம் நடந்தால் இலவசம். நாலு பேருக்கு 16 வெள்ளி மிச்சம், நம் காசில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். திரும்பும்போது களைத்திருப்பீர்கள், அப்போது ரயிலில் வாருங்கள், வெளியேறும் பயணத்துக்குக் கட்டணமில்லை. தீவுக்குள் ஓடும் பேருந்துகளும் இலவசம்தான், கடற்கரைக்கு ஒரு மாலை ஒதுக்கலாம்.

அறை விலையில் '++' என்று போட்டிருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 150 வெள்ளி ++ என்றால் கட்ட வேண்டியது 180. ஏசி உணவகங்களிலும் இதே கணக்கு. தேக்கா நிலையம் போன்ற உணவங்காடிகளில் சேவைக் கட்டணம் இல்லை. அறைக்கு எத்தனை பேர் என்பதில் சிங்கப்பூர் விடுதிகள் கறார், இரண்டு பேர் அறையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று போனால் இரண்டாவது அறை எடுக்க வேண்டிவரும். இரவு விமானத்தில் விடியற்காலை இறங்கும் நாளில் பூங்காவை வைக்காதீர்கள். தூங்கி வழியும் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள், அரை நாள் டிக்கெட் போச்சு.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயா, சிங்கப்பூர் வெள்ளியா என்று கேட்டால் வெள்ளியைத்தான் அழுத்த வேண்டும், ரூபாய் என்றால் மாற்று விகிதத்திலேயே கூடுதலாகப் பிடிப்பார்கள். விசாவுக்கு அரசுக் கட்டணம் 30 வெள்ளி, ஏஜென்ட் அதற்கு மேல் எவ்வளவு வைக்கிறார் என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவம் முழுக்க இலவசம். சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள், இதற்குப் பணம் கேட்கும் எந்தத் தளமும் அரசுடையது அல்ல.