சாவி தொலைந்தாலும் ஜெபம், ஆபரேஷன் என்றாலும் ஜெபம்: இது நம்பிக்கையா, பழக்கமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "அம்மா சாவியைக் காணவில்லை என்றாலும் ஜெபிக்கிறார், அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாலும் அதே ஜெபம்தான். சின்னதுக்கும் பெரியதுக்கும் கடவுளைக் கூப்பிடுவது நம்பிக்கையா, வெறும் பழக்கமா?"

இரண்டும்தான். ஏன் பிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் வெளியூரில் வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். போனில் அம்மா "ஜெபிச்சிக்கிட்டு இருக்கேன் மக்களே" என்று சொல்லும்போது, ஸ்கேன் ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று கத்தத் தோன்றும். கேளுங்கள், தப்பில்லை. ரிப்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அவர் முழங்காலில் நின்றிருப்பார்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் ஒரு கடப்புறத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். கத்தோலிக்கப் பெண். வேதம் கரைத்துக் குடித்தவள் இல்லை, அதனால் வசன எண்ணோடு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். புனிதர் அந்தோணியாரிடம் ஏன் கேட்கிறாய், நேரே கடவுளிடம் கேள் என்ற விவாதத்தை வீட்டுக்கு வரும்போது வைத்துக்கொள்வோம்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் அந்தோணியாருக்குத்தான் வேலை. மாமியாரின் கண்ணாடி, ரேஷன் கார்டு, ஒரு தடவை தொழுவத்திலிருந்து அவிழ்ந்து போன ஆடு. கிடைத்தால் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு மெழுகுதிரி. கிடைக்காவிட்டால் மாமியார் அவரையே ஏசுவார். அவ்வளவு உரிமை.

எங்கள் ஊர் ஆண்கள் தங்குகடல் போகிறவர்கள். விசைப்படகில் ஐஸ், அரிசி, டீசல் ஏற்றிக்கொண்டு போனால் சுறாவும் சூரையும் பிடித்துத் திரும்ப ஒரு மாதம் ஆகும், அதற்கு மேலும் ஆகும். கொஞ்ச தூரம் போனதும் போன் எடுக்காது. வயர்லெஸும் ஒரு அளவுக்குத்தான். அப்புறம் வீட்டில் இருக்கிறவள் கையில் மிச்சம் இருப்பது ஜெபமாலை. சாயந்தரம் விளக்கு போட்டதும் உட்கார்ந்துவிடுவோம். இதைப் பழக்கம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. உலை வைப்பதும் பழக்கம்தான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், டிசம்பர் 3இல் முடியும். ரப்பரும் வாழையும் மின்கம்பமும் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு போட்டில், கொழுந்தன் வேறொரு போட்டில். இரண்டும் ஏற்கெனவே ஆழ்கடலில். புயல் என்று அதற்குப் பெயர் வைத்த அன்றே அது எங்கள் தலைக்கு மேல் நின்றது. முன்பே போனவர்களிடம் யார் போய்ச் சொல்வது? "எச்சரிக்கையை மீறிப் போனார்கள்" என்று இந்தத் தளத்திலேயே இன்னும் எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் கடப்புறத்து ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். காணாமல் போனவர்களைக் கடலில் தேடு என்பதுதான் கோரிக்கை. மாமியாரும் வந்தார். உதடு "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருந்தது, ஆள் தண்டவாளத்தை விட்டு அசையவில்லை. கடவுளை நம்புகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று இங்கே சில அறிவாளிகள் எழுதுவதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரரின் போட்டு மகாராஷ்டிரா கரையில் ஒதுங்கியது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. கொழுந்தன் வரவில்லை. உடலும் வரவில்லை.

அப்புறம் ஒரு ஜெபக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், "உன் ஜெபம் கேட்கப்பட்டதே" என்று. மாட்டேன் என்றேன். ஒரே பாயில் உட்கார்ந்து நானும் கொழுந்தன் பெண்டாட்டியும் ஒரே ஜெபமாலையைத்தான் சொன்னோம். மாமியாருக்கு இரண்டும் மகன்கள். என்னுடையது கேட்கப்பட்டது என்று மைக்கில் சொன்னால், அவளுடையது என்ன ஆனது என்று நான்தானே பதில் சொல்ல வேண்டும்? என் நன்றியை நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அதே மாதம் ஆறுதல் சொல்ல வந்த ஒரு அம்மா, "விசுவாசத்தில் எங்கேயோ குறைவு இருந்திருக்கும்" என்று கொழுந்தன் பெண்டாட்டியிடம் சொன்னார். அதுவரை வாயே திறக்காமல் சுவரோரம் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்து, "அப்போ மாதாவுக்கு விசுவாசம் குறைவா? அவ மவனும் செத்தாம்லா" என்றார். வந்தவர் கட்டன்சாயாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. மாமியார் பூசைக்குப் போனார், ஆனால் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. பாடாமல் உட்கார்ந்திருந்ததும் ஜெபம்தான் என்பது என் எண்ணம். சாமியார்கள் என்ன சொல்வார்களோ தெரியாது.

சின்னதுக்கெல்லாமா என்று கேட்டீர்களே. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை வீட்டில் மாடுகள் செத்தன, சொத்தும் நஷ்டமானது. மனம் நொந்திருந்தவருக்கு டிலனாய், வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். டிலனாய் 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படையிலேயே சேர்ந்த டச்சுக் கம்பெனிப் படைக்காரர். பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம். மாடு செத்த துக்கத்தில் தொடங்கியது இது. அதைச் சின்ன விஷயம் என்று டிலனாய் தள்ளிவிடவில்லை. இன்னொன்று, யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. மாமியாருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும்.

தேவசகாயம் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். ஹாலில் அவர் படத்தை மாட்டி, அதற்கு லைட்டும் போட்டிருக்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு எத்தனை பவுன், எத்தனை சென்ட் நிலம் என்று கூசாமல் கேட்கிறார்கள். ஞாயிறு பூசையில் முதல் வரிசை இவர்கள்தான். படித்த பையன், வெளிநாட்டு வேலை என்றால் ரேட் ஏறும். எங்கள் மாவட்டத்தில் சபை பேதமில்லாமல் எல்லோரும் ஒற்றுமையாகச் செய்கிற ஒரே காரியம் இதுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். மாமியார் இதற்கும் அந்தோணியாரிடம் சொல்லி வைத்திருக்கிறார், நல்ல பையன்கள் தொலைந்து போன கணக்கில்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சாவிக்கு அம்மா ஜெபிக்கட்டும், நீங்கள் மேசைக்கு அடியில் தேடுங்கள். ஆபரேஷனுக்கு லீவு போட்டு வாருங்கள், அம்மா ஜெபிக்கும்போது பக்கத்தில் சும்மா உட்காருங்கள், ஆமென் சொல்லக்கூட வேண்டாம். "விசுவாசம் இருந்தால் ஆபரேஷன் எதற்கு" என்று யாராவது வந்தால் மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். அம்மாவுக்கு அந்தத் தைரியம் வராது. வாதாடினால், 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் மிஷனரியாகவே இருந்துதான் ஆபரேஷன் செய்தார் என்று சொல்லுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் என் மாமியாரின் நம்பர் தருகிறேன்.