மின்சார சைக்கிள் பேட்டரியில் பிஎம்எஸ் மாற்றுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் 48 வோல்ட் மின்சார சைக்கிள் மேம்பாலம் ஏறும்போது அணைந்துவிடுகிறது, சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடுகிறது. பிஎம்எஸ் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். அதை எப்படி உறுதிசெய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால், பிஎம்எஸ், அதாவது செல்களைக் கண்காணித்து ஆபத்து வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் போர்டு, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே தோன்றுகிறது. 48 வோல்ட் பேட்டரியில் பெரும்பாலும் 13 செல் தொகுதிகள் தொடரிணைப்பில் இருக்கும்; முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 54.6 வோல்ட். இவற்றில் ஒரு தொகுதி வலுவிழந்திருந்தால், மேட்டில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும்போது அதன் மின்னழுத்தம் மட்டும் 2.8 வோல்ட் அளவுக்குச் சரியும். மற்ற 12 தொகுதிகளும் நன்றாக இருந்தாலும் பிஎம்எஸ் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சுமை நீங்கி மின்னழுத்தம் மீண்டதும் வண்டி மறுபடி ஓடும். எனவே ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் போர்டுக்கு வரும் மெல்லிய பேலன்ஸ் வயர்கள் சேரும் கனெக்டரில், அடுத்தடுத்த இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு தொகுதியையும் முதலில் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. ஓய்வில் சமமாகத் தெரிவது சுமையில் சரியக்கூடும் என்பதால், சுமையுடனும் ஒருமுறை அளக்க வேண்டும். தொகுதிகள் அனைத்தும் சமமாக இருந்து, சார்ஜரை ஒருமுறை செருகி எடுத்த பின்னும் வெளியீட்டில் மின்சாரம் வரவில்லை என்றால்தான் போர்டைச் சந்தேகிக்கலாம்.

இதைவிட மோசமான இரண்டு பழுதுகள் ஓட்டுபவரின் கண்ணில் படுவதே இல்லை. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு ஸ்விட்ச்கள்) ஷார்ட் ஆகிவிடுவது ஒன்று. அதற்குப் பிறகும் வண்டி வழக்கம்போல் ஓடும், ஆனால் ஆபத்து நேரத்தில் துண்டிப்பு நடக்காது. மற்றொன்று, தொகுதிகளைச் சமப்படுத்தும் பேலன்ஸ் சுற்றில் உள்ள டிரான்சிஸ்டர் ஒன்று பழுதாகி ஒரே ஒரு தொகுதியை இரவும் பகலும் வடித்துக்கொண்டிருப்பது. அந்தத் தொகுதி தாழ்ந்திருப்பதைக் கண்டு செல்லை மாற்றுவார்கள். புதிய செல்லும் சில வாரங்களில் தாழ்ந்துவிடும். பேலன்ஸ் கனெக்டரைக் கழற்றி, அத்தொகுதியை மற்றவற்றுக்குச் சமமாகச் சார்ஜ் செய்து, சில நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். அளவு நிலைத்து நின்றால் பழுது போர்டில், இறங்கினால் செல்லில்.

கேள்வி: புதிய பிஎம்எஸ் வாங்கும்போது வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தினால் போதுமா?

பதில்: போதாது. 48 வோல்ட் என்று எழுதியிருப்பதைவிட, எத்தனை தொகுதிகளுக்கானது, எந்த வகைச் செல்லுக்கானது என்பவையே முக்கியம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லின் உச்ச அளவு 3.65 வோல்ட், 4.2 வோல்ட் வகைக்கான போர்டை அதில் பொருத்தினால், அளவு மீறிச் சார்ஜ் ஆவதைத் தடுக்க ஒன்றுமிருக்காது. ஆம்பியரை, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரின் லேபிளில் பார்த்து, அதற்குச் சற்று மேலாகத் தேர்ந்தெடுங்கள். 60 ஆம்பியர் போர்டு போட்டால் இன்னும் பாதுகாப்பு என்று கடைகளில் சொல்வதை நான் ஏற்பதில்லை; செல்கள் தாங்காத மின்னோட்டத்தை அது தடுக்காமல் விட்டுவிடும். சார்ஜருக்குத் தனி முனை உள்ள போர்டா, ஒரே முனை கொண்ட போர்டா என்பதையும் பழையதுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பழைய பேலன்ஸ் கனெக்டர் புதிய போர்டில் சரியாகப் பொருந்துகிறது. அப்படியே செருகிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கனெக்டர் பொருந்தினாலும் வயர்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வரிசை தவறினால் செருகிய கணத்திலேயே போர்டு எரிந்துவிடும். புதிய போர்டுடன் வரும் வயர்களையே, ஒவ்வொன்றாக மாற்றிப் பற்றவையுங்கள். செல்லின் முனையில் நேரடியாகச் சால்டரிங் செய்யாமல், செல்லிலிருந்து விலகிய நிக்கல் பட்டையில் செய்ய வேண்டும். கழற்றும்போது பேலன்ஸ் கனெக்டர்தான் முதலில் வெளிவர வேண்டும். பொருத்தும்போது செல் பக்கத்து எதிர்முனையின் தடித்த வயர் முதலில், வெளியீட்டு எதிர்முனை அடுத்து, பேலன்ஸ் கனெக்டர் கடைசியில். தடித்த வயர் இணையாதபோது கனெக்டரைச் செருகினால், போர்டின் மின்சாரம் மெல்லிய வயர்கள் வழியே வழி தேடிக் கண்காணிப்புச் சிப்பைக் கெடுத்துவிடலாம். செருகுவதற்கு முன், எதிர்முனையிலிருந்து ஒவ்வொரு முனையாக அளந்தால் 3.7, 7.4, 11.1 என்று படிப்படியாக உயர்ந்துகொண்டே போக வேண்டும். எங்கேனும் ஒரு படி விடுபட்டாலோ இரட்டித்தாலோ வரிசை தவறியிருக்கிறது. மோதிரம், கைக்கடிகாரம் அணிந்து இந்த வேலையில் இறங்காதீர்கள். 48 வோல்ட் பெரிதாக ஷாக் தராவிட்டாலும், ஷார்ட் ஆனால் உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

கேள்வி: புதிய பிஎம்எஸ் பொருத்தியபின் வெளியீட்டில் மின்சாரமே வரவில்லை.

பதில்: பல போர்டுகள் முதல்முறை சார்ஜரை இணைத்தால்தான் விழிக்கும். சில விநாடிகள் சார்ஜரைச் செருகிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்.

கேள்வி: புதிய போர்டு போட்டும் சார்ஜர் விளக்கு சீக்கிரமே பச்சையாகிறது, வண்டி ஓடும் தூரமும் குறைவு.

பதில்: ஒரு தொகுதி மற்றவற்றுக்கு முந்தி நிரம்பிவிடுவதால் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்துகிறது. சாதாரண போர்டுகளின் பேலன்ஸ் மின்னோட்டம் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் வரைதான். 1 ஆம்பியர் மணி வித்தியாசத்தைச் சரிசெய்யவே சுமார் 17 முதல் 33 மணி நேரம் ஆகும். ஓரிரவில் சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாழ்ந்த தொகுதிகளைத் தனியே சார்ஜ் செய்து சமப்படுத்திவிட்டுத் தொடங்குவதே நல்லது.

கேள்வி: பல மாதங்கள் ஓட்டாமல் வைத்திருந்ததில் ஒரு தொகுதி 1.4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. மெதுவாகச் சார்ஜ் செய்து மீட்கலாமா? அதுவரை பிஎம்எஸ் இல்லாமல் நேரடியாக இணைத்து ஓட்டலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. அவ்வளவு தாழ்ந்த நிலையில் நீண்ட நாள் கிடந்த செல்லில் செப்புத் தகடு கரையத் தொடங்கும். சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். பக்க இணைப்பில் உள்ள அத்தொகுதிச் செல்கள் முழுவதையும் ஒரே வகைச் செல்களால் மாற்ற வேண்டும். பிஎம்எஸ் இல்லாத பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு வீட்டில் யாரும் தூங்கக்கூடாது. கழித்த செல்களைக் குப்பையில் போடாதீர்கள். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022இன்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

கேள்வி: பதிவு எண் உள்ள மின்சார ஸ்கூட்டருக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அவற்றில் பல வண்டிகளில் பிஎம்எஸ்ஸும் கன்ட்ரோலரும் ஒன்றுடன் ஒன்று தகவல் பரிமாறிக்கொள்கின்றன. வெளியே வாங்கிய போர்டு பதில் தராவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. மேலும், மின்சார இருசக்கர வாகன பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 தரநிலையின் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி சோதித்து ஒப்புதல் பெற்றது பிஎம்எஸ் உட்பட முழு பேட்டரியும்தான். போர்டை மாற்றினால் அந்த ஒப்புதல் செல்லாது, உத்தரவாதமும் போய்விடும். அந்த வேலையை நிறுவனத்தின் சேவை மையத்திடமே விட்டுவிடுங்கள்.