தமிழ் தெரியாத நோயாளியிடம் எப்படிப் பேசுவது?

வேலூரில் நர்சிங் படிக்கும் நீங்கள், சொல்வது நோயாளிக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருக்கிறீர்கள். 1900-ல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஊர் இது. இன்று வங்காளத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருது பேசும் பாட்டிகளும் உண்டு.

ஆனால் தமிழ் தெரிந்தவருக்கும் இதே சிக்கல்தான். குடியாத்தத்தில் என் பெரியம்மா, நர்ஸ் “புரிஞ்சுதாம்மா?” என்றதும் தலையாட்டிவிட்டு வந்தார். “ரெண்டு வேளை” என்றதைக் காலையிலேயே ரெண்டு மாத்திரை என்று எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து மாத்திரை அட்டையை எண்ணியபோதுதான் தெரிந்தது. அதனால் அட்டையைக் கையில் கொடுத்து, “வீட்டுல எப்படிப் போடுவீங்க, சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் நாம் விளக்கியது போதவில்லை என்று பொருள். வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள்.

மொழி தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். கூட வந்த பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். கூச்சமான விஷயத்தை, கெட்ட செய்தியை அது விழுங்கிவிடும். பேசும்போது மொழிபெயர்ப்பவரை அல்ல, நோயாளியைப் பாருங்கள். அப்புறம், காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்கார்ந்து, நிதானமாகப் பேசுங்கள்.