ஆரம்பக் கூட்டத்தில் கேட்டீர்களா?

கேள்வி: இந்தியாவில் 2012இல் மத்திய அரசு தேசிய நீர்க்கொள்கை வரைவை முன்வைத்தபோது பல மாநிலங்களின் அமைச்சர்களும் அதிகாரிகளும் நேருக்கு நேர் மறுத்துப் பேசினார்கள். அப்படி ஒரு கொள்கை கொழும்பிலிருந்து வந்தால் நமது கிழக்கு மாகாண அதிகாரிகளும் வாய் திறப்பார்களா?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: திறக்க மாட்டார்கள். விஷயம் தெரியாமல் அல்ல. மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றால், வெயில்காலச் செய்கையான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை நமது நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பேசுவதற்கு முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் வேண்டும்.

இந்தியாவில் அந்தச் சுவர் இருந்தது. அங்கே அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலில் 17ஆவது விடயம் தண்ணீர். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளில்தான் மத்திய அரசுக்குக் கை உண்டு. 2012 வரைவு நாடு முழுவதற்கும் ஒரே நீர்ச் சட்டகம், அதாவது பொதுச் சட்ட வரம்பு, வேண்டும் என்றது, தண்ணீருக்கு விலை வைக்க மாநிலந்தோறும் ஓர் அதிகாரசபை வேண்டும் என்றது. எங்கள் அதிகாரத்தில் கைவைக்காதீர்கள் என்று மாநிலங்கள் எதிர்த்தன. டிசம்பர் 28ஆம் திகதி தேசிய நீர்வளப் பேரவை கூடியபோது, அந்தச் சட்டகம் மாநிலங்களின் தண்ணீரை மத்திக்குக் கொண்டுபோகும் வழி அல்ல என்று பிரதமர் மன்மோகன் சிங்கே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. கொள்கை அன்றே நிறைவேறியது, அது வேறு.

நம்மிடம் என்ன இருக்கிறது? இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாணப் பட்டியலில் வைத்தது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறுகளின் திட்டங்களை அதிலிருந்து எடுத்துவிட்டது. கல்லோயா ஊவா மலையில் பிறக்கிறது, மாதுறு ஓயாவும் அங்கேதான். அம்பாறை, மட்டக்களப்பு வயல்கள் பலவற்றை நனைக்கும் தண்ணீர் இப்படி ஒரு வரியோடு கொழும்பின் கைக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த மாகாண சபைக்கும் 2017இல் காலம் முடிந்தது, தேர்தல் இன்னும் இல்லை. ஆளுநருக்கும் அமைச்சுக்கும் நடுவில் நிற்கும் ஓர் உத்தியோகத்தரிடம் போய், நீ ஏன் மறுத்துப் பேசவில்லை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

கொள்கை இனித்தான் வரவேண்டும் என்பதில்லை ஐயா, ஒருமுறை வந்து போனது. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை ஏற்ற நீர்வளக் கொள்கை, தண்ணீர் அரசின் உடைமை என்றது. பெருமளவில் எடுப்போருக்கு உரித்துப் பத்திரம், அந்த உரித்தைக் கைமாற்றவும் இடம். வயலுக்குப் பாயும் தண்ணீரை விற்கலாமா என்று நாடெங்கும் கமக்காரர்கள் கொதித்தார்கள். அரசு பின்வாங்கியது. நிறுத்தியவர்கள் அதிகாரிகள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அதனால்தான் உங்கள் கேள்வியை உங்களிடமே திருப்புகிறேன். போகம் தொடங்குமுன் அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? எந்தக் கண்டத்துக்கு, அதாவது எந்த வயல் தொகுதிக்குத் தண்ணீர், முதல் தண்ணீர் எந்தத் திகதி, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை எப்போது வயல்வெளியான வட்டையிலிருந்து அகற்றுவது எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. நம் ஊரில் தண்ணீரைப் பற்றிக் கமக்காரன் பேச, அதிகாரி எழுதிக்கொள்ளும் ஒரே இடம் அது.

ஒரு சிறுபோகக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். பொறியியலாளர் குளத்து நீர்மட்டத்தை வாசித்து, இம்முறை பாதிக் காணிக்குத்தான் காணும் என்றார். சத்தம் எழும்பியது. கடைசி வாய்க்காலில் செய்யும் ஒரு முதியவர், சேற்றுக் காலோடு வந்தவர், எழுந்தார். "எங்கட கண்டத்துக்குத் தண்ணி வாறதுக்குள்ள மேல குடலை வந்திரும். இம்முறை கீழயிருந்து தொடங்குங்க," என்றார். குடலை என்றால் கதிர் வெளிவருமுன் பயிர் சூல்கொள்ளும் பருவம். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைமார் தங்களுக்குள் பேசினார்கள். கடைசியில் மேல் கண்டத்தார் இரண்டு நாள் விட்டுக்கொடுத்தார்கள். எந்தக் கொள்கைப் பத்திரமும் அந்த இரண்டு நாளைக் கண்டுபிடித்திருக்காது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையிலும் இப்படி நடந்தது. கமக்காரர் குழுக்கள் அமைந்த பிறகு, தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர்கள் தண்ணீரை மிச்சம்பிடித்துக் கடைப்பகுதித் தமிழ்க் கமக்காரர்களுக்கு விட்டார்கள். இனப்பகை முற்றிவந்த அந்தக் காலத்தில் நடந்தது என்பதால் அது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

கொள்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மணல் திடலில் கிணறு வைத்திருக்கும் நமக்கு ஒழுங்கு கட்டாயம் வேண்டும். 2004 கடல்கோளுக்குப் பிறகு உப்பேறிய கிணறுகளை இறைத்து இறைத்துப் பார்த்தோம், அடியில் இருந்த உப்பு இன்னும் மேலே வந்தது. மேலே மெல்லிய படலமாக நிற்கும் நல்ல தண்ணீரை ஆளாளுக்கு மோட்டார் வைத்து உறிஞ்சினால் என்ன ஆகும் என்று அப்போதே கண்டோம். உன்னிச்சைத் தண்ணீர் இப்போது வயலுக்கும் வேண்டும், பட்டணத்துக் குழாய்க்கும் வேண்டும். வரட்சியான ஆவணியில் எதற்கு முதலிடம் என்று யாராவது எழுதி வைக்கத்தான் வேண்டும். எழுதுகிறவர் அந்த முதியவரைக் கேட்டுவிட்டு எழுதட்டும் என்பதுதான் என் பேச்சு. இந்திய மாநிலங்கள் அதிகாரம் யாருக்கு என்று சண்டை பிடித்தன. கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது என்பது அந்தச் சண்டையில் தீராது.

சரி, இனி நீங்கள் செய்யக்கூடியது. அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்குப் போங்கள், கமக்கார அமைப்பின் தலைவரை மட்டும் அனுப்பாதீர்கள். நீர் பற்றிய எந்த வரைவு வந்தாலும் அதன் தமிழ்ப் பிரதி முதலில் இந்தக் கூட்டத்துக்கு வரவேண்டும், இங்கே சொல்லும் கருத்தோடுதான் கொழும்புக்குப் பதில் போகவேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். அது கூட்டக் குறிப்பில் ஏறினால், வாய் திறக்கத் தயங்கும் பொறியியலாளருக்கும் கையில் ஒரு கடதாசி கிடைக்கும். பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு எழும்புங்கள்.